மிதவை

எட்டு மாசமாய் எங்கள் வீடு நகரவில்லை.
யார் வீடுதான் நகர்கிறது என்கிறான் பரஞ்சோதி,
வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தபடி.

எழுபத்துமூன்றாம் வருஷத்து வேன்.
உள்ளே கட்டில், இரண்டு அலமாரி, கழுவுதொட்டி,
ஒற்றை அடுப்பு.
அந்த அடுப்பை நாங்கள் பற்றவைத்ததே இல்லை.
கட்டிலுக்கு நேர் கீழே டேங்க்.
தலையணை உறைவரைக்கும் பெட்ரோல் வாசம்.

வில்லிவாக்கம் ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு
பாடியில் ஒரு லாரி ஷெட்டின் ஓரம்
குடிவந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.
கூரியர் பையன் கதவு எண் கேட்டான்.
வண்டி எண்ணைச் சொன்னேன்.
அவன் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டான்.

டேங்க்கை இறக்கியபோது
அடியில் கிடந்ததைக் கேனில் வடித்தோம்:
வார்னிஷ் நிறம், வார்னிஷ் நாற்றம்.
நாலு கைப்பிடி நட்டும் போல்ட்டும் உள்ளே போட்டு
ஆளுக்கொரு பக்கம் பிடித்து
தூளிபோல ஆட்டினோம்,
தூளி ஆட்டிப் பழகாத நாங்கள்.
செதில் செதிலாய்த் துரு.
கடைசியில் ஓட்டை தெரிந்தது,
சுண்டுவிரல் நகமளவு வானம்.

புதுப்பேட்டை கௌஸ் பாய்
டேங்க் கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய பிறகே
பற்றவைப்புக் குழாயைக் கையில் எடுத்தார்.
"நெறஞ்ச டேங்க் ஒண்ணும் பண்ணாதும்மா.
காலின்னு நெனைக்கிறோம் பாரு,
அதுதான் வெடிக்கும்."
பரஞ்சோதி என்னைப் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.

பழைய ரப்பர் குழாய் கையில் பொடிந்தது, கரிபோல.
இப்போது பெட்ரோலில் கலக்கிற ஸ்பிரிட்
பழசையெல்லாம் தின்றுவிடுமாம்.
புதுக்குழாய் அடி நூற்றெழுபது.
பேரம் பேசி நூற்றைம்பத்தைந்து,
கிளாம்ப் தனிக்காசு.
கூடவே கண்ணாடி ஃபில்டர் ஒன்று.
வேண்டாம் என்றான், நான்தான் வாங்கினேன்.
என்ன போகிறது என்று
எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கத்திரி வெயிலில் முதல் ஓட்டம்.
பாடி மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டது.
என் கண்ணாடி ஃபில்டரில்
பெட்ரோல் இல்லை, குமிழிகள்.
எஞ்சின் வந்து சேரும் முன்னே
வழியிலேயே கொதித்து ஆவியாகியிருந்தது.
ஈரத்துண்டை பம்ப் மேல் போட்டு
காய்ச்சல்காரனுக்குப் பத்துப் போடுகிறமாதிரி
நின்றுகொண்டிருந்தோம் இருபது நிமிஷம்.
ஐம்பத்தொன்பது பஸ்கள் என்று எண்ணினேன்.
அத்தனை டிரைவரும் எங்களைத் திட்டினார்கள்.
ஒருவர் மட்டும்
"வீட்ட நடுரோட்ல வெச்சிட்டியே சார்" என்றார்,
கொஞ்சம் பிரியமாகத்தான்.

பழைய பம்ப்பைக் கழற்றிவிட்டு
டேங்க் பக்கத்தில், வெயில் படாத இடத்தில்
கரண்ட் பம்ப் வைத்தான்.
சாவி திருப்பினால் டிக் டிக் டிக்.
கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும்
நிற்க வேண்டும்.
நிற்கவில்லை.
மூன்று ராத்திரி அது நிற்கவில்லை.
எங்கோ வழிகிறது.
சண்டை போட்டோம், பம்ப் பற்றி,
பிறகு பம்ப் பற்றி அல்ல.

நாலாம் நாள் கிண்ணத்தைத் திறந்து
பித்தளை மிதவையைக் காதோரம் ஆட்டினேன்.
உள்ளே ஒரு மடக்கு தளும்பியது.
மிதக்க வேண்டியது குடித்திருக்கிறது.
எதிர் டீக்கடையில் வெந்நீர் வாங்கி
சொம்புக்குள் அதை அமுக்கிப் பிடித்தேன்.
விளிம்பில் ஒரு குமிழி,
கடுகைவிடச் சின்னது.
பிறகு இன்னொன்று, அதே இடத்திலிருந்து.
"இங்க" என்றேன்.
அவன் பேனாவால் புள்ளி வைத்தான்.

உள்ளிருந்ததை வடித்துக் காயவைத்து
ஈயம் வைத்தார் கௌஸ் பாய், காசு வாங்கவில்லை.
இரண்டு நாள் கழித்து, மணி பதினொன்று.
ஷெட்டில் லாரிகள் எல்லாம் தூங்க
பரஞ்சோதி சாவியைத் திருப்பினான்.
டிக் டிக் டிக் டிக்
டிக்
டிக்.

அப்புறம் ஒன்றுமில்லை.
எங்கோ பாடி ரயில் பாதையில் சரக்கு வண்டி.
அவன் மோந்து பார்த்தான், நானும்.
கட்டிலில் துவைத்த துணி வாசம்.

அலமாரியில் தீப்பெட்டியைத் துழாவினேன்.
"காலையில" என்றான்,
"ஜன்னலத் தொறந்து வெச்சிட்டு."
டீத்தூள் இருக்கா என்று கேட்டான்.
இல்லை.