கையெழுத்து

பத்து தெத்ரி போட்டால்தான் ஏறும்
எங்கள் கட்டிடத்து லிஃப்ட்.
திபிலிசியின் வடக்கு விளிம்பு, பதினாறு மாடி.
நான் பன்னிரண்டில்.
காசு விழும் ஓசைக்கு
என் பூனைகூடக் காது திருப்பும்.

பிப்ரவரியில் பாத்ரி வந்து
கதவுக்குக் குறுக்கே சங்கிலி கட்டினான்.
ஓடாது, என்று ஒரு அட்டை.
எத்தனை நாள் என்று கேட்டோம்.
தெரியாது, என்றான்.
தெரியாததைத் தெரியாது என்கிற மெக்கானிக்கை
நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

முன்பெல்லாம் எல்லாம் தெரியும் அவனுக்கு.
"நாளைக்கு", "இதோ", "ஒன்றுமில்லை, ஓடும்".
விருந்தில் கோப்பையை உயர்த்தினால்
செத்தவர், பிறக்காதவர், எதிர்வீட்டு நாய்
அத்தனை பேரையும் வாழ்த்திவிட்டுத்தான் உட்காருவான்.
மாதம் முப்பது லிஃப்டுக்கு
கார் பானெட்டின் மேலேயே வைத்துக்
கையெழுத்துப் போடுவான்,
வாயில் சூரியகாந்தி விதை.

இரண்டு தெரு தள்ளி ஒன்று அறுந்தது.
ஏழாவது மாடியிலிருந்து.
உள்ளே கணக்கு டீச்சர் சியாலாவும்
ஒரு பை உருளைக்கிழங்கும்.
அவள் பிழைத்தாள்.
இடது கால் பிழைக்கவில்லை.

பதினான்கு மாதம் சிறை.
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்ட
இத்தாலிக்குப் போன மனைவி
அங்கேயே இருந்துவிட்டாள்.
இரண்டு பல் போயிற்று, குரலில் பாதி போயிற்று.
"தலையெழுத்து, என்ன செய்வது" என்று
கீழ்வீட்டு வஜா தோளைத் தட்டியபோது
"இல்லை. கையெழுத்து" என்றான்.
அதற்குமேல் அதைப் பற்றி
அவன் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது சங்கிலி. ஒன்பது நாள்.
பத்தாம் மாடி தெக்லாவுக்கு எட்டு மாதம்.
பதினைந்தில் குராம், ஒற்றை நுரையீரலோடு.
நானும் திட்டினேன், மறைக்கவில்லை.
மூன்றாம் நாள், மாவு மூட்டையோடு
எட்டாவது திருப்பத்தில் உட்கார்ந்து
"உன் மனசாட்சிக்கு
நாங்கள் ஏன் படி ஏறவேண்டும்?" என்று கத்தினேன்.
மேலிருந்து இறங்கி வந்தான்.
மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தான்.
நியாயமான கேள்விதான், என்றான்.
பதில் இல்லை.

குராமின் ரொட்டி, தெக்லாவின் தண்ணீர்,
யாருடையதோ ஒரு சைக்கிள்.
சுமைக்கும் சுமைக்கும் நடுவே
மொட்டைமாடி அறையில் கயிறு.
ஒருநாள் எட்டிப் பார்த்தேன்.
கையுறை இல்லாமல், அங்குலம் அங்குலமாக
இரும்பு வடத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.
அறுந்த இழை குத்தும்,
குத்தினால்தான் தெரியும்.
உள்ளங்கை பூனை விளையாடிய சோபா மாதிரி இருந்தது.

சங்கத் தலைவர் ஒரு கவரோடு வந்தார்.
பழைய கயிறே இரண்டு வருஷம் தாங்கும், என்றார்.
தாங்கலாம், என்றான் பாத்ரி.
கவரை அவருடைய கோட்டுப் பைக்குள்ளேயே திரும்ப வைத்துப்
பொத்தானும் போட்டுவிட்டான்.

சனிக்கிழமைகளில் சியாலா வீட்டுக்குப் போகிறான் என்று
வஜாதான் சொன்னான்.
பதினோரு வாரம் கதவு திறக்கவில்லை.
பன்னிரண்டாவது வாரம் திறந்து
குழாய் ஒழுகுகிறது, என்றாளாம்.
மன்னிப்பா அது? எனக்குத் தெரியாது.
குழாய் இப்போது ஒழுகுவதில்லை.

பத்தாம் நாள் சங்கிலியை அவிழ்த்தான்.
சொந்தக் காசு போட்டு, தனியாக,
மேலும் கீழும் மூன்று தடவை போய்வந்தான்.
நாங்கள் கீழே நின்று
பல்லிடுக்கு வெளிச்சம் போல
கதவுக்கீறலில் வெளிச்சம் ஏறுவதைப் பார்த்தோம்.
பிறகு சுவரில் ஒட்டிய தாளில், நின்றபடி, எழுதினான்.
முன்பு ஒரு கிறுக்கல்.
இப்போது எழுத்து எழுத்தாக,
முதல் வகுப்புப் பிள்ளை போல,
தந்தை பெயரோடு, தேதியோடு, மணியோடு.

தெக்லாவின் குழந்தைக்கு விருந்து வைத்தார்கள்.
பாத்ரி முறை வந்தது. எழுந்தான்.
கோப்பையைப் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் குழந்தையையே பார்த்தான்.
"நன்றாகத் தூங்கட்டும்."
உட்கார்ந்துவிட்டான்.
யாரோ சிரித்தார்கள்.
தெக்லா சிரிக்கவில்லை, அவள் மூன்று வாரமாகத் தூங்கவில்லை.

எனக்கு முழங்கால் இன்னும் வலிக்கிறது.
பார்க்கும்போதெல்லாம் அவனிடம் சொல்கிறேன்.
தெரியும், என்கிறான்.