பதினெட்டு பாட்டில்

நாகமலைப் புதுக்கோட்டை வளைவில்
வெங்காய லோடோடு குட்டியானை கவிழ்ந்தபோது
ஒச்சப்பனின் முழங்காலுக்கு நாலு விரல் கீழே
எலும்பு வெளியே வந்து
மதுரைப் பக்கம் எட்டிப் பார்த்தது.

பெரியாஸ்பத்திரி. இரவு இரண்டேகால்.
எலும்புக்கு அவசரமில்லை.
வெளியே கம்பி கொடுத்தால்
எத்தனை நாளும் நிற்கும்.
சதைதான் கடிகாரம் பார்க்கிறது.

பாட்டில் பாட்டிலாய் உப்புநீர் ஊற்றினோம்.
ரோட்டு ஜல்லி வந்தது. கைலி நூல் வந்தது.
பிறகு ஒரு வெங்காயச் சருகு,
ஈரத்தில் ஊதாவாய் மினுங்கிக்கொண்டு.
தோல் என்றே ஒரு கணம் நம்பினேன்.
வாளி மாற்றிய குருவம்மாக்கா
சத்தமாய் எண்ணிக்கொண்டே இருந்தார்.
பதினெட்டு.

அதன் பிறகு கேள்விகள்.
நார் நாராய்க் கேட்க வேண்டும்:
நிறம் இருக்கிறதா உனக்கு?
இடுக்கியில் பிடித்தால் பிய்கிறாயா, தாங்குகிறாயா?
கிள்ளினால் துடிப்பாயா?
வெட்டினால் ரத்தம் விடுவாயா?
பதில் சொல்லாததையெல்லாம்
அறுத்துத் தட்டில் போட்டேன்.

ஒரு துண்டு மட்டும், விரல் நீளம்,
சொன்ன மாதிரியும் இருந்தது
சொல்லாத மாதிரியும் இருந்தது.
விட்டுவைத்தேன்.

விடிந்ததும் தவமணி கேட்டாள்,
"தைக்கலையா? இப்படித் தொறந்து கெடக்கே."
மண் புகுந்த புண்ணைத் தைப்பது
ஈர வெங்காயத்தைச் சாக்கில் கட்டிவைப்பது போல என்றேன்.
உடனே தலையாட்டினாள்.
என் பேராசிரியரிடம் இத்தனை சுருக்கமாய்
நான் பதில் சொன்னதே இல்லை.

நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துக்
கட்டைப் பிரித்தேன்.
நான் விட்டுவைத்த விரல் நீளம்
சாம்பல் நிறத்தில், லேசாய் நாறிக்கொண்டு.
பக்கத்தில் இருந்ததையும்
அரை அங்குலம் கூட்டிக்கொண்டு போயிருந்தது.
அன்றைக்கு நான் இரக்கப்பட்டது
அவன் கால் மேலா,
என் கை மேலா?
மறுபடி கத்தி. மறுபடி உப்புநீர்.
குருவம்மாக்கா இந்தமுறை
எண்ணவில்லை.

ஐந்தாம் நாள்
கெண்டைக்காலில் ஒரு சதையை
ரத்தக்குழாய் அறாமல் திருப்பி
எலும்பின் மேல் போர்த்தினோம்.
தொடைத் தோலைச் சீவி வலையாய் விரித்து அதன் மேல்.
ஒச்சப்பனுக்கு ஒரே சந்தேகம்:
"எங் கால்ல எடுத்து எங் கால்லயே வைக்க
இத்தன பேரா?"

கட்டில் ஒரு சின்ன ஜன்னல் விட்டிருந்தோம்.
மணிக்கொரு தரம் டார்ச் அடித்து
விரல் நுனியால் தொடுவேன்.
வெளுக்கும். மனசுக்குள் எண்ணுவேன்.
சிவக்கும்.
அடுத்த கட்டிலுக்கு நகர்வேன்.

மூன்றரைக்கு, கட்டிலடியில் படுத்திருந்த தவமணி
எழுந்து உட்கார்ந்தாள்.
"என்னத்த எண்ணுறீங்க?"

எனக்கு உதடு அசைந்திருக்கிறது.

சொன்னேன்.
டார்ச்சை என் கையில் இருந்து வாங்கினாள்,
நடுங்காமல் பிடித்தாள்.
"நீங்க தொடுங்க. நான் எண்ணுறேன்."

தொட்டேன். வெளுத்தது.

"ஒண்ணு," என்றாள்.