மயில்துத்தம்

ஏழு பேர்ச் காணி கிடைத்தது.
மற்றவர்களுக்கு ரோட்டோரம், ஆற்றோரம்.
சீட்டுக் குலுக்கியதில் எனக்கு
பழைய மருந்து ஸ்டோர் இடித்த இடம்.

சிரிப்புத்தான் வந்தது.
பதினெட்டு வருஷம் அங்கேதான்
பெரட்டு முடிந்ததும் டாங்கி நிரப்பினேன்,
கொழுந்தில் கொப்புளம் போடும் பூஞ்சைக்கு
மயில்துத்தம் கரைத்து.
ஓட்டை டாங்கி ஒழுகியது
பாதி என் முதுகில்,
பாதி இந்த மண்ணில்.

அவரை போட்டேன். மூன்றாம் இலையோடு மஞ்சளித்தது.
மிளகாய் முளைக்கவேயில்லை.
கிண்டினால் ஒரு மண்புழு கிடையாது.

பேராதனையிலிருந்து இமேஷா வந்தாள்,
ஊறுகாய்ப் போத்தலில்
கறுத்த மண்ணும் நறுக்கிய வேரும்.
"இதுக்குள்ள பூஞ்சை இருக்கு அண்ணே"
தடக்கித் தடக்கித் தமிழில் சொன்னாள்.
என் கை தானாய்ப் பின்னால் போனது,
பம்ப்பின் பிடியைத் தேடி.

மானாப்புல் நட்டோம், குழிக்கு ஒரு சிட்டிகை.
வேருக்குள் புகுந்து வேரைத் தாண்டி ஓடுமாம்
முடியைவிட மெல்லிய நூலாய்.
துத்தத்துச் செம்பைத் தின்னாதாம்.
பிடித்து வைத்துக்கொள்ளுமாம்,
கடன் கொடுத்தவன்
சட்டையைப் பிடிப்பதுபோல.

இரண்டு மழைக்காலம்.
ஜெயக்கொடி வீட்டுப் பசு ஒருநாள் கயிறறுத்து வந்து
புல்லில் வாய்வைக்கப் பார்த்தது.
விரட்டப் போய்க் கால் சுளுக்கி
மூன்று நாள் பேர் விழவில்லை.
வெட்டிய புல்லை உரச் சாக்கில் கட்டி வைக்கிறேன்.
எங்கே கொண்டுபோவதென்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.

போன கிழமை நுணுக்குக்காட்டியைத் தூக்கிவந்து
லயத்து வாசலில் ஸ்டூல் மேல் வைத்தாள்.
வேரை வினாகிரியிலும் பேனா மையிலும்
ஊறப்போட்டிருந்தாள்.
ஒரு கண்ணை மூடிக் குனிந்தேன்.

நீலம்.
என் முதுகில் கழுவிப் போகாத அதே நீலத்தில்
கிளைத்துக் கிளைத்து ஒரு குடும்பம்,
நான் கொல்லப் பார்த்த வம்சத்துக்கு
ஏதோ ஒன்றுவிட்ட உறவு,
என் காணிக்கு எனக்கு முன்பே குடிவந்து.

செடிக்கு ஏறும் செம்பு
பாதியாய்க் குறைந்திருக்கிறதாம்.
"அத்திவாரம் போடலாம். கீரை போடாதீங்க."

"அப்போ எனக்கு?" என்றேன் இருமலுக்கு நடுவில்.
அவளுக்கு விளங்கவில்லை.
வேர் இருந்தால் அல்லவா நூல் புகும்.

மேற்கு மூலையில் இரண்டு முழம் மானாவை
விட்டுவிடச் சொன்னேன் மேசனிடம்.
கக்கூஸுக்கு அங்கேதான் இடம் என்கிறார்.
பேசிக்கொண்டிருக்கிறோம்.