ஆதாமின் மண்டையோடு

சிலுவையின் அடியில் ஒரு மண்டையோடு வேண்டும் என்றார் பாதர்.
ஆதாமுடையதாம்.
ரோமில் படித்துவிட்டுப் போன மாதம்தான்
இரணைப்பாலைக்கு வந்தவர்.
தொலைபேசியில் படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துக் காட்டினார்.
ஐந்நூறு வருடப் பழசு.
லில்லிப் பூ என்றால் கன்னிமை.
பாலன் யேசுவின் கைக்குள் இருக்கிற சின்னக் குருவி
இனி வரப்போகும் முள்.
மாதாவின் முக்காட்டு நீலம் மலையைக் குடைந்தெடுத்த கல்,
பொன்னைவிட விலை.
"ஒன்றும் சும்மா இல்லை, பிலோமினா.
எல்லாம் இன்னொன்று."

நான் தலையாட்டினேன்.
மண்டையோடு எனக்குக் கைப்பாடம்.
முகமாலையிலும் மாங்குளத்திலும் எட்டு வருடம்
போட் ஒன்றுக்கு நாற்பது ரூபா,
வெட்டிய தகட்டை வைத்துச் சிவப்பின்மேல் வெள்ளை இனாமல்.
மண்டைக்குக் கீழே இரண்டு எலும்பு,
எலும்புக்குக் கீழே மிதிவெடி.
அது இன்னொன்று இல்லை.
அது அதுதான்.

பாதர் விரலால் தள்ளிக்கொண்டே போனார்.
பிறகு வந்தவர்கள் பூவையும் குருவியையும் எறிந்துவிட்டு
நிறத்தையே கத்த விட்டார்களாம்.
முகங்கள் உருகின,
வானம் மஞ்சளாய் வலித்தது.
கடைசியாய் ஒரு படம்,
சுவர் முழுக்கச் சிவப்பு. வேறொன்றும் இல்லை.
"இது மட்டும் எனக்கு விளங்குவதில்லை" என்றார்.
இன்னும் ஆள் இறங்காத காணி
என்று நான் சொல்லவில்லை.

ஒன்பது நாள் வரைந்தேன். தகடு இல்லை, தூரிகை மட்டும்.
யேசுவின் விலாவுக்கு மூன்று நாள்.
மண்டையோட்டுக்குக் கால் மணித்தியாலம்;
கை தானாய்ப் போனது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில்
நன்மை எடுக்க எழும்பிய வரிசை
பீடத்துக்கு மூன்று பாகம் தள்ளி நின்றுவிட்டது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஜெனோவாவின் பெடியன், ஆறு வயது,
தாயின் பாவாடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.
அப்பத்தை உயர்த்திப் பிடித்தபடி பாதர் பார்த்துக்கொண்டு நின்றார்.
பிறகு அவரே படியிறங்கி வந்தார்.

அன்று இரவு திறப்பு வாங்கி
ரோச் வெளிச்சத்தில் போனேன்.
மண்டையோட்டை அழிக்க மனம் வரவில்லை,
ஆதாமும் பாவம்.
அதற்குப் பக்கத்தில், மண்ணில் குத்தியதுபோல,
விரலளவில் ஒரு கட்டை வரைந்தேன்,
நுனியில் வெள்ளை.

அடுத்த கிழமை வரிசை
பீடம்வரை போனது.
கண்ணிவெடிப் பிரிவில் வேலைசெய்த சறோ
கடந்து போகையில் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாதர் இன்னமும் தன் தடித்த புத்தகங்களில்
தேடிக்கொண்டிருக்கிறார்,
அந்தக் கட்டை எதன் குறியீடு என்று.