எழுத்துக்கு நாலு ரூபாய்

லாங் பஜாரில் என் கடை.
கேடயம், கோப்பை, கதவில் ஒட்டும் பெயர்ப்பலகை.
எழுத்துக்கு நாலு ரூபாய், எண்ணுக்கு ரெண்டு.
புள்ளி வைத்த எழுத்துக்கும் காசா என்று
சண்டை பிடிக்காத ஆள்
இந்த வேலூரில் இன்னும் பிறக்கவில்லை.

கத்திரி வெயிலில் பித்தளை விரலைச் சுட்ட பகலில்
ஜூனியர் ஐஸ் ஹாக்கிக்குக் கோப்பை கேட்டு வந்தார்கள்.
ஐஸ் எங்கே என்றேன்.
காட்பாடியில் கல்யாண மண்டபத்து வண்டி நிறுத்துமிடம்,
சிமெண்ட் தரை, காலில் சக்கரம்.
இதில் தேறுகிற பெண்கள் வடக்கே போய்
நிஜப் பனியில் ஆடுவார்களாம்.
ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
கடைசியில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஹாக்கிப் பொம்மை கையிருப்பில் இல்லை.
கிரிக்கெட்காரன்தான் இருந்தான், நாலு டஜன்.
ஒருவனுடைய மட்டையை அறுத்தெறிந்து
குடைக்கம்பியை வளைத்துப் பற்றவைத்தேன்.
தலைக்கவசம் ஏற்கெனவே போட்டிருந்தான், நல்லவேளை.

'மிக மதிப்புமிக்க வீராங்கனை.'
பதினாலு எழுத்து, ஐம்பத்தாறு ரூபாய்.
செயலாளர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து
'மிக'வை எடுத்துவிடுங்கள் என்றார்.
எட்டு ரூபாய் மிச்சம்.
பெயருக்குத் தனித் தகடு, ஆட்டம் முடிந்ததும் சொல்வோம்.

ஞாயிறு ராத்திரி எட்டரைக்குப் போன்.
'அண்ணே, பொற்கொடி. குடியாத்தம் கேப்டன்.
ஒரே கோல், அவ போட்டது. ஒன்பதரைக்குப் பரிசளிப்பு.'
கொம்பு, ப, கால்.
மூன்று உருவம் செதுக்கினாலும் ஒரு எழுத்துக் காசுதான்.
அடுத்து ற. அதன் தலையில் புள்ளி குத்தி
ஊசியை எடுக்கவில்லை, மறுபடி போன்.
'நிறுத்துங்கண்ணே, பேரு மாறிடுச்சு.
தபஸ்ஸும். மேல்விஷாரம் கோல்கீப்பர்.'
தோத்த கட்சியா?
'முப்பத்தொண்ணு வந்துச்சு, முப்பது நிறுத்தினா.'
அவனுக்குப் பின்னால் ஒரு அப்பா கத்துகிறார்,
யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள்,
மைக் ஹலோ ஹலோ என்கிறது.

பித்தளையில் ரப்பர் செல்லாது.
அந்த அளவில் வேறு தகடும் இல்லை.
பொற் என்று நின்றுபோனதைக் குப்புறக் கவிழ்த்து
முதுகில் வெட்டினேன் மற்றவள் பெயரை.
அடுத்தடுத்து ரெண்டு ஸ,
கை நடுங்கினால் போச்சு.
நடுங்கவில்லை.

பள்ளி திறந்து ரெண்டாம் வாரம்
சீருடையில் ஒரு பெண், இடது கையில்
ரெண்டு விரலைச் சேர்த்து பிளாஸ்திரி.
வெயிலில் பசை இளகித் தகடு கழன்றுவிட்டதாம்.
கோப்பையைப் பலகைமேல் வைத்தாள்.
தகட்டை வைத்தாள், குப்புற.
'இது யாரு, பொற்?'

பழைய தகடும்மா என்று புளுகினேன்.
'பொற்கொடிதானே' என்றாள்.
'கடைசி நிமிஷம் என் கால் இடுக்குல போட்டா.
மேடையில என் கையைக் குடுக்கவே விடல,
மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.
இப்ப ரெண்டு பேரும் ஒரே டீம்.
ரயில்ல எதிர் எதிர் சீட்டு.'
நான் பசை டப்பாவைத் தேடுவதுபோல் குனிந்திருந்தேன்.

'மீதி எழுத எவ்வளவு?'
கொ, டி. ரெண்டு எழுத்து, எட்டு ரூபாய்.
பத்து ரூபாய் நாணயத்தை வைத்தாள்.
சில்லறை இல்லையே என்றேன்.
'அப்ப ஏழு போடுங்க, அவ சட்டை நம்பர்.'

உள்பக்கம்மா, யார் கண்ணிலும் படாது.
'படவேணாம். பட்டா அவ கேப்பா.'

எழுதி முடித்து ஊதித் துடைத்தேன்.
'ஒட்டும்போது என் பேருதான் வெளியில இருக்கணும்'
என்றாள், கறாராக.
பிறகு அவளே தகட்டை அழுத்திப் பிடித்து நின்றாள்
விஷாரம் பேருந்து ஒன்று போக, ரெண்டு போக,
பசை காயும்வரை
அந்தப் பிளாஸ்திரி விரல்களால்.