பட்டியலில் இல்லாத அட்டை

நார்வா. ஐந்தாம் மாடி.
ஜனவரி ஞாயிறு, நாலு மணிக்கே இருட்டு.
சமையலறை மேசையில் மடிக்கணினியைக்
குப்புறப் போட்டிருக்கிறேன்,
ஊசிக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல.

நூலாலை மூடியபோது கணக்குப் பிரிவில்
ஆறு யூரோவுக்குத் தள்ளிவிட்டது.
மூன்று கிலோ கனம்.
ஐந்தாம் எண் விசை மட்டும் வழவழ என்று தேய்ந்திருக்கிறது;
யார் சம்பளத்தில் அத்தனை ஐந்தோ.
எல்லாம் வேலை செய்யும்.
காற்றில் வருவது மட்டும் காதில் விழாது.

"இதுக்குப் பிறவியிலேயே காது கிடையாது"
என்றான் பழுதுக்கடை வைனோ.
"வெளியே ஒரு குச்சியைச் செருகிக்கோ."
குச்சி துருத்திக்கொண்டு நிற்கும்,
பூனை தட்டிவிடும்.
எனக்கு உள்ளேதான் வேண்டும்.

திருகாணி ஏழு,
முட்டை அட்டையின் குழிக்கு ஒன்றாக.
மூடியை நெம்பினால்
தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு காலி இடம்.
பக்கத்தில், எதிர்பார்க்கவே இல்லை,
கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று,
இரண்டு கம்பிகள்
நுனியில் ரப்பர் குல்லாய் மாட்டிச்
சுருண்டு கிடக்கின்றன.
கீல் வழியே ஏறித்
திரையின் முதுகில் போய் முடிகின்றன.

காது இருந்திருக்கிறது, வைனோ.
செய்த இடத்திலேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.
பதினேழு வருடமாக இந்த ஊர் பேசியதெல்லாம்
கம்பிவரை வந்து, வந்து,
குல்லாய்க்குள் நின்றிருக்கிறது.

அட்டையைச் சாய்த்து நுழைத்து அழுத்தினேன். டிக்.
கம்பிகளை மாட்டப் புருவம் திருத்தும் இடுக்கி.
பொத்தானைத் தட்டினேன்.

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து:
அனுமதியில்லாத அட்டை.
அணைத்துவிட்டு அகற்றவும்.

சிரித்துவிட்டேன்.
என் இழுப்பறையில் சாம்பல் நிறக் கடவுச்சீட்டு இருக்கிறது.
பிறந்தது இங்கே,
கால் உடைந்தது இந்த ஆற்றின் பனியில்,
எந்த நாட்டவள் என்ற கட்டத்தில்
'வரையறுக்கப்படாதது'.
இந்தக் குரல் எனக்குப் பழக்கம்.
கோபமே இருக்காது அதில்.
எண் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு தேநீர் குடித்தபின் புரிந்தது:
பிறக்கும்போதுதான் இது விசாரிக்கிறது,
தூங்கி எழும்போது விசாரிப்பதில்லை.

அட்டையைக் கழற்றினேன். இயக்கினேன்.
உறங்கவைத்தேன். நிலா விளக்கு மினுங்கியது.
பக்கவாட்டில் நிறுத்தி, மூச்சைப் பிடித்து,
சாய்த்து, அழுத்தி,
கருகினால் ஆறு யூரோ போகட்டும்,
டிக்.

எழுப்பினேன்.
காவலாளி ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்சம் தயங்கி
வேறொரு பட்டியல் இறங்கியது:
'ரெக்ஸ் கடிக்கும்'.
'இது உன்னுடையது அல்ல'.
எஸ்தோனிய மொழியில் ஒன்று, ரஷ்யனில் மூன்று,
ஒற்றைக் கோட்டில்
எந்தக் கரையிலிருந்தோ பெயரில்லாமல் ஒன்று.
எல்லாவற்றுக்கும் பூட்டு.

கோடுகள் நிறைந்து நிற்பது 'அன்ஃபீசா நான்கு'.
கீழ்வீட்டுக்காரி.
பால்கனித் தண்ணீர் விவகாரத்தில்
நாங்கள் பேசி மூன்று குளிர்காலம்.

குழியில் ஒரு திருகாணி மிச்சம்,
எதனுடையது என்று தெரியவில்லை.
அதைப் பையில் போட்டுக்கொண்டு
உப்பிட்ட காளான் ஒரு புட்டி எடுத்துக்கொண்டு
படியிறங்குகிறேன்.
கணினி மேலே விழித்திருக்கிறது.
அணைக்கவில்லை.
அணைத்தால்
மறுபடி முதலிலிருந்து கேட்கும்.