சேதாரம்

முருகம்பாளையம். இரவு பதினொன்றே கால்.
பிரிண்டிங் பட்டறையின் மாடியறையில்
ஃபிலிம் எடுக்கும் மிஷினும் நானும்.
காலை ஆறுக்குக் கீழே டேபிள் ஓட வேண்டும்.
சி டிரைவ் சிவந்து கிடக்கிறது:
நூற்றுப் பதினொன்றில் மிச்சம் இரண்டு ஜிபி.

சத்தியமாக நான் எதுவும் வைக்கவில்லை அதில்.
டென்மார்க் பார்ட்டி அனுப்பும் கிளிப் படங்கள்
கட்டிச் சுருக்கிய கோப்பாக டி டிரைவில் இறங்கும்.
அங்கேயே திறந்து, அங்கேயே இழுத்துப் போடுவேன்.
சி எனக்குப்
பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு.

நாச்சிமுத்தண்ணன் மேலே வந்தார்.
காதில் பென்சில், கக்கத்தில் ஜாப்வொர்க் நோட்டு.
"என்னம்மிணி, எடை குறையுதா?"
அவருக்கு எல்லாமே எடைதான்.
நூறு கிலோ துணி சாயப் பட்டறைக்குப் போனால்
தொண்ணூற்று மூன்று திரும்பும்.
ஏழு எங்கே என்று யாரும் கேட்பதில்லை.
எட்டு என்றால் சண்டை.

"எடை குறையலைங்கண்ணா. எடந்தான் குறையுது."
"அப்ப யாரோ கொண்டாந்து போடறாங்க."

வைரஸ் தேடினேன். சுத்தம்.
குப்பைத் தொட்டியில்
பழைய ஆபரேட்டர் மோகனப்பிரியனின் பயோடேட்டா, மூன்று பிரதி.
எல்லா ஃபோல்டரையும் ஒன்றாகப் பிடித்து அளந்தேன்:
நாற்பத்தாறு.
நிறைந்திருப்பது நூற்று ஒன்பது.
அண்ணன் நோட்டின் ஓரத்தில் கழித்துப் பார்த்து
அறுபத்து மூன்று என்று எழுதி
இரண்டு கோடு போட்டார்.
"இத்தன போயிருந்தா
நானு போலீஸுக்கே போயிருப்பேன்."

மறைந்திருப்பவற்றைக் காட்டு என்றொரு கட்டம்.
அதில் டிக் போட்டேன்.
முதல் முக்கில் சாயம் பிடிக்காத துணிபோல
வெளிறிய ஃபோல்டர்கள் எழுந்து வந்தன,
ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் ஒன்று,
கடைசியில் டெம்ப்.

டெம்ப் என்றால் தற்காலிகம்.
மார்ச் மாதத்திலிருந்து தற்காலிகம்.

பதினைந்து உருப்படி, ஒவ்வொன்றும் நாலு ஜிபி.
திறந்தால் கிளி.
அலகு சிவந்த கிளி, சிவப்பு குறைத்த கிளி,
வால் நீட்டிய கிளி, 'பழைய வாலே இருக்கட்டும்' கிளி.
பார்ட்டியின் மனம் மாறிய பதினைந்து தடவையும்
தேதியோடு இருந்தது.

அப்போதுதான் புரிந்தது.
நேராக டிக்கு இழுத்ததாக நான் நினைத்ததெல்லாம்
முதலில் சியில் இறங்கி, அங்கே பிரிந்து,
பிறகுதான் டிக்கு நகலாகப் போயிருக்கிறது.
முடிந்ததும் அதுவே கூட்டிப் பெருக்குமாம்.
பெருக்க விட்டால்தானே?
ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில்
சுவிட்சையே தட்டிவிட்டுப் போவேன்.

குடோனில் பனியன் வேஸ்ட் பேல் பார்த்திருக்கிறேன்.
இடுப்புயரம் இருக்கும், பட்டையை வெட்டினால்
கதவு வரை வந்துவிடும்.
பதினைந்து பேலை
வெட்டி வெட்டிப் போட்டுவிட்டு
குடோன் ஏன் சிறுத்தது என்று கேட்டிருக்கிறேன்.

ஷிஃப்ட், டெலீட். பதினான்கு போயின.
பதினைந்தாவது மறுத்தது:
வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்றது.
இந்த அறையில் யார்?
அண்ணன்கூடத் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நான் சுருக்கிவிட்ட ஜன்னல்,
ஏழு ஜன்னலுக்குப் பின்னால்,
ஒரு கிளியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தது.
மூடினேன். அதுவும் போயிற்று.

இப்போது அறுபத்திரண்டு காலி. கோடு நீலம்.
ஃபிலிம் மிஷின் செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

அண்ணன் போகவில்லை.
பென்சிலை நாக்கில் தொட்டு மறுபடி கூட்டினார்.
"அறுபத்தஞ்சுல்ல வரோணும்? மூணு எங்கம்மிணி?"

எனக்கும் தெரியவில்லை.
விண்டோஸ் தனக்கென்று எடுத்திருக்கலாம்,
நான் டிக் போடாத இன்னொரு கட்டத்தில் இருக்கலாம்.
மணி இரண்டு.

"சாயப் பட்டறையில போயிருக்குங்கண்ணா."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.
பிறகு கோட்டுக்குக் கீழே எழுதினார்:
சேதாரம், மூன்று.
எழுதிவிட்டு,
நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு,
"ஏழுக்குள்ளதான் இருக்குது" என்றபடி
படியிறங்கினார்.